மொகதிஷுவில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

'பிளாக் ஹாக் டவுன்' திரைப்படத்தைப் பற்றி நண்பர்கள் சிலர் தொடர்ந்து எழுதியும் பேசியும் வருகிறார்கள். போர்ப் படங்களின் உச்சம் என்கிறார் ஒருவர். போருக்கு எதிரான படம் என்கிறார் இன்னொருவர். சோமாலியாவின் அரசியலை அதில் தேடுவது கலையைப் பற்றிய அறியாமை என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிட்டார். தொழில்நுட்பம் குறித்த பாராட்டில் எங்களுக்கு மறுப்பில்லை. படத்தொகுப்புக்கும் ஒலிக்குமாக அது பெற்ற இரண்டு ஆஸ்கார் விருதுகளும் தகுதியானவையே. எங்கள் மறுப்பு, படம் முடிந்தபின் திரையில் தோன்றும் எழுத்துகளிலிருந்து தொடங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோமாலியர்களும் 19 அமெரிக்க வீரர்களும் மாண்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அந்த 19 பேரின் பெயர்களை மட்டும் படம் நிரல்படக் காட்டுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கும் பெயரில்லை. பெயர் போகட்டும், சரியான எண்ணிக்கைகூட இல்லை. இந்த 'மேற்பட்ட' என்ற சொல்லைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணியளவில் மொகதிஷு விமான நிலையத்து முகாமிலிருந்து 19 வானூர்திகளும் 12 வாகனங்களும் ஏறத்தாழ 160 அமெரிக்க வீரர்களும் கிளம்பினார்கள். பக்காரா சந்தையை ஒட்டி, ஒலிம்பிக் ஹோட்டலுக்கு அருகே ஒரு கட்டடம் அவர்களுடைய இலக்கு. தளபதி முகம்மது ஃபாரா அய்தீதின் முக்கியமான உதவியாளர்கள் இருவர் அங்கே கூடியிருப்பதாகத் தகவல். கயிற்றில் இறங்கிக் கட்டடத்தை வளைப்பது, ஆட்களைப் பிடிப்பது, வாகனங்களில் ஏற்றித் திரும்புவது. ஒரு மணி நேர வேலை. அதனால்தான் பலர் இருளில் பார்க்க உதவும் கருவிகளை முகாமிலேயே விட்டுவிட்டார்கள். தண்ணீரும் வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். சிலர் கவச உடையின் முதுகுத் தகட்டைக்கூடக் கழற்றி வைத்தார்கள். நண்பகல் வெயிலில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுபவனுக்கு முதுகில் எதற்குப் பாரம்?

பிடிக்க வந்தவர்களைப் பிடிக்கவும் செய்தார்கள் என்பது பலருக்கு மறந்துபோகிறது. 24 பேர் கைதானார்கள். அதன் பிறகுதான், 4.20 மணியளவில், முதல் பிளாக் ஹாக் தோளில் ஏந்திச் சுடும் ஆர்.பி.ஜி. எறிகணை பட்டு விழுந்தது. இருபது நிமிடத்தில் இரண்டாவதும் விழுந்தது. விழுந்தவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் படையின் பெரும்பகுதி முதல் ஹெலிகாப்டரைச் சுற்றியே சிக்கிக்கொண்டது.

கைதிகளை ஏற்றிய வாகன வரிசை அங்கே போய்ச் சேர முயன்ற கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மேலே பறந்த கண்காணிப்பு விமானத்திலிருந்து தெருக்கள் அத்தனையும் தெரிந்தன. ஆனால் அந்த விமானம் வாகனங்களோடு நேரடியாகப் பேச முடியாது. விமானம் கட்டளை மையத்துக்குச் சொல்ல, மையம் வாகனங்களுக்குச் சொல்ல, 'இடப்பக்கம் திரும்பு' என்ற சொல் ஓட்டுநரின் காதுக்கு வரும்போது அந்தத் திருப்பம் பின்னால் போயிருக்கும். அடுத்த திருப்பத்தில் திரும்பினால் அது வேறு தெரு. ஒவ்வொரு முக்கிலும் டயர்கள் எரிந்தன, தடுப்புகள் முளைத்தன. சுற்றிச் சுற்றி அலைந்து, ஏராளமானோர் காயம்பட்டு, விழுந்த ஹெலிகாப்டரைக் காணாமலே அந்த வரிசை முகாமுக்குத் திரும்பியது. வானத்திலிருந்து முழுவதும் தெரிகிற ஒரு நகரத்தில் தரையில் வழி தெரியவில்லை. அந்த மாலையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடப் பொருள் பொதிந்த பகுதியை நாங்கள் படித்ததில்லை.

இரவெல்லாம் சண்டை நடந்தது. மலேசியர்களின் கவச வாகனங்களும் பாகிஸ்தானியர்களின் டாங்கிகளும் அமெரிக்கக் காலாட்படையோடு புறப்பட்டு, நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில்தான் சிக்கியவர்களை எட்ட முடிந்தது. மறுநாள் காலை ஆறரை மணிவாக்கில் பாகிஸ்தானியப் படையின் வசமிருந்த விளையாட்டரங்கத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கர்கள் 18 பேர் இறந்திருந்தார்கள். சில நாள்களில் முகாமின் மீது விழுந்த மோர்ட்டார் குண்டில் இறந்த ஒருவரையும் சேர்த்தே படம் 19 என்கிறது. மீட்க வந்த மலேசியர்களில் ஒருவர் உயிரிழந்தார்.

சோமாலியர்கள் எத்தனை பேர்? அய்தீதின் தரப்பு 315 என்றது. மார்க் போடனின் நூல் ஐந்நூறு அளவில் கணிக்கிறது. படம் ஆயிரத்துக்கு மேல் என்கிறது. நண்பர்களே, முந்நூற்றுப் பதினைந்துக்கும் ஆயிரத்துக்கும் இடையில் 685 உயிர்கள் இருக்கின்றன. அன்றிரவு இறந்த அமெரிக்கர்களைப்போல முப்பத்தெட்டு மடங்கு. அத்தனை பேர் இருந்தார்களா, இல்லையா, இறந்தார்களா, பிழைத்தார்களா என்பது உறுதிப்படவே இல்லை. அந்த இடைவெளி யாரையும் உறுத்தவும் இல்லை. பக்காரா சந்தை, நகரின் ஆள்நெருக்கம் மிகுந்த இடங்களில் ஒன்று. தகரக் கூரைகளும் மண் சந்துகளுமான அந்தப் பகுதியில் ஹெலிகாப்டர்களின் துப்பாக்கிகள் இரவு முழுக்கச் சுட்டன. சுடப்பட்டவர்களில் ஆயுதம் ஏந்தியவர் எத்தனை, கதவைத் திறந்து பார்த்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லும் கணக்கேதும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று வருகிற படை எண்ணுவதற்காக வருவதில்லை. அது போனபின் எண்ணுவதற்கு அங்கே ஓர் அரசும் இல்லை. எண்ணாமல் விட்டது தற்செயல் அன்று. திடீர்த் தாக்குதல் என்ற போர்முறையின் உள்ளேயே அது அடங்கியிருக்கிறது என்பது எங்கள் வாதம்.

இனி படம் சொல்லாமல் விட்டதற்கு வருகிறோம். தொடக்கத்தில் படம் ஒரு முன்கதை சொல்கிறது. பஞ்சம், உணவைப் பறிக்கும் போர்த்தலைவன், ஜூன் மாதம் கொல்லப்பட்ட 24 பாகிஸ்தானியர்கள், அதன்பின் வந்திறங்கிய அமெரிக்கச் சிறப்புப் படை. இவை ஒவ்வொன்றும் உண்மை. 1993 ஜூன் 5 அன்று அமைதிப் படையைச் சேர்ந்த 24 பாகிஸ்தானியர்கள் கொல்லப்பட்டது கொடுமையான நிகழ்வு. மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு அவை 837ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜோனதன் ஹோ, அய்தீதின் தலைக்கு 25,000 டாலர் விலை வைத்தார். ஆனால் ஜூனிலிருந்து படம் ஆகஸ்டுக்குத் தாவிவிடுகிறது. இடையில் ஜூலை என்று ஒரு மாதம் இருந்தது.

1993 ஜூலை 12, திங்கட்கிழமை காலை. மொகதிஷுவில் அப்தி ஹசன் அவாலே என்பவரின் வீட்டில் ஹபர் கிதிர் குலத்தின் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். அய்தீதின் ஆட்களும் இருந்தார்கள். குலமூத்தோரும் அறிஞர்களும் இருந்தார்கள். ஐ.நா.வோடு சமரசம் பேசுவதைப் பற்றிய கூட்டம் அது என்பது சோமாலியத் தரப்பின் வாதம். போர்ச்சதி தீட்டிய கூட்டம் என்பது மற்றத் தரப்பின் வாதம். எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. அமெரிக்கக் கோப்ரா ஹெலிகாப்டர்கள் வந்து, டாங்கிகளைத் துளைக்கச் செய்யப்பட்ட ஏவுகணைகளை அந்த வீட்டுக்குள் செலுத்தின. ஐ.நா. தரப்பு இருபது பேர் இறந்ததாகச் சொன்னது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு 54. அய்தீதின் தரப்பு எழுபதுக்கும் மேல் என்றது. இங்கும் அதே இடைவெளிதான். ஐ.நா. பணியின் நீதிப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஆன் ரைட் என்ற அமெரிக்கரே இத்தாக்குதலின் சட்ட நியாயத்தைக் கேள்விக்குள்ளாக்கி மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினார். அதே நாளில், படமெடுக்க அங்கே ஓடிய பத்திரிகையாளர்கள் நால்வரைச் சினங்கொண்ட கூட்டம் கொன்றது. அதையும் நாங்கள் மறைக்கவில்லை.

அக்டோபர் 3 அன்று ஹெலிகாப்டர் ஒலி கேட்டதும் ஒரு நகரமே ஏன் தெருவுக்கு ஓடிவந்தது என்ற கேள்விக்கு ஜூலை 12 இல்லாமல் பதில் கிடையாது. படத்தில் அவர்கள் எங்கிருந்தோ வருகிறார்கள். எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று படம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அது வேறு படமாகியிருக்கும். போடனின் நூலுக்கு இந்தக் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1997இல் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து 1999இல் நூலானது அது. அவர் மொகதிஷுவுக்குப் போனார், சோமாலியர்களிடம் பேசினார், ஜூலைத் தாக்குதலைப் பற்றியும் எழுதினார். நூலில் இருந்த சோமாலியர்கள் படத்துக்கு வரும் வழியில் காணாமற்போனார்கள். மொராக்கோவில் எடுக்கப்பட்ட படத்தில், வசனம் பேசும் முக்கியமான சோமாலியப் பாத்திரங்களை ஏற்றவர்களும் சோமாலியர்கள் அல்லர்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வீரர்கள் சோமாலியர்களைத் தமக்குள் 'ஸ்கின்னி' என்று அழைத்தார்கள். எலும்பும் தோலுமானவன் என்று கொள்ளலாம். படத்திலும் அந்தச் சொல் சர்வசாதாரணமாக வருகிறது. பட்டினியில் கிடந்தவர்களுக்குச் சோறு போட வந்த பணி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை மறுபடியும் கேட்டுப் பாருங்கள். எந்த உடலைப் பார்த்து இரக்கம் வந்ததாகச் சொன்னார்களோ அந்த உடலே வசைச்சொல் ஆயிற்று.

நாங்கள் அய்தீதின் கொடியைத் தூக்கவில்லை. 1991 ஜனவரியில் சியாத் பர்ரே துரத்தப்பட்டபின், அதே ஆண்டின் இறுதியிலிருந்து அய்தீதும் அலி மஹ்தியும் மொகதிஷுவைப் பங்கு போட்டுக்கொள்ள நடத்திய பீரங்கிச் சண்டையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நகரம் தரைமட்டமானது. பஞ்சத்தில் உணவு ஆயுதமானது. அதில் அய்தீதின் பங்கு சிறியதன்று. இறந்த அமெரிக்கர்களின் உடல்களைத் தெருவில் இழுத்தவர்களுக்காக வாதாடவும் நாங்கள் இல்லை. இரண்டாவது ஹெலிகாப்டரின் விமானியைக் காக்க, சாவு உறுதி என்று தெரிந்தே தாமாகக் கேட்டு இறங்கிய கார்டன், ஷுகார்ட் இருவரின் துணிவைக் குறைத்துப் பேசுகிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. துணிவு துணிவுதான். ஆனால் அந்தத் தெருவின் இருபக்கமும் அன்று மனிதர்கள் இருந்தார்கள். ஒரு பக்கத்தின் வேர்வைத் துளிகூடத் தெரியும்படி காட்டுகிற ஒரு கலைஞனுக்கு மறுபக்கத்தில் ஒரு முகம்கூடத் தென்படவில்லை என்றால், அதைக் கலையின் தேர்வு என்று சொல்லி நகர்ந்துவிட நம்மால் முடியுமா?

முடியும் என்கிறார்கள் நண்பர்கள். 'படைப்பு ஏதாவது ஒரு பக்கம் நின்றுதான் ஆக வேண்டும், இது வீரர்களின் படம், வீரனுக்கு எதிரி இருளில் அசையும் உருவம் மட்டுமே' என்பது அவர்களின் வலுவான வாதம். இலக்கிய வாசகர்கள் இதைச் சொல்வதுதான் எங்களுக்கு வியப்பு. மாரத்தானில் பாரசீகர்களோடு போரிட்ட எஸ்கிலஸ், பின்னர் அந்தப் பகைவரின் அரண்மனையையே களமாக்கி 'பாரசீகர்கள்' நாடகத்தை எழுதினார். வென்ற ஏதென்ஸ் மக்களின் முன்னால், தோற்ற பாரசீகத் தளபதிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டு அரங்கில் ஒப்பாரி எழுந்தது. இலியட்டில் செத்து விழும் டிராய் வீரன் யார் மகன், எந்த ஊரான் என்று சொல்லாமல் கவி அவனைச் சாகவிடுவது அரிது. அந்தக் காவியம் முடிவதே பகைவனான ஹெக்டரின் ஈமச்சடங்கில்தான். அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய பரணி இலக்கியத்துக்குத் தோற்றவர் பெயரால் பெயரிடுவது மரபு. குலோத்துங்கனின் வெற்றியைப் பாடவந்த ஜெயங்கொண்டார் தம் நூலுக்கு வைத்த பெயர் கலிங்கத்துப்பரணி. பரணி பகைவனுக்காகக் கண்ணீர் விடுவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். பேய்கள் கூழடுகிற இடத்தில் கண்ணீருக்கு என்ன வேலை? ஆனாலும் யாரோடு போரிட்டோம் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நம் படத்தின் தலைப்பில் மனிதனும் இல்லை, ஊரும் இல்லை. இருப்பது விழுந்த இயந்திரத்தின் பெயர்.

(இலக்கியம் என்று பேச்சு வந்ததால் ஒரு சிறு குறிப்பு. படத்தின் தொடக்கத்தில் பிளேட்டோவின் வாக்கு என்று ஒரு வரி காட்டப்படுகிறது. அது பிளேட்டோ எழுதியதன்று. இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜார்ஜ் சான்டயானாவின் வரி. சோமாலியருக்குப் பெயர் தராத படம், தத்துவவாதிக்குப் பிழையான பெயரைத் தந்துவிட்டது.)

சோமாலியாவுக்கு எழுத்தாளர்கள் இல்லையா என்ன? 1945இல் பைதோவாவில் பிறந்து, சியாத் பர்ரேயின் காலத்தில் நாடு திரும்ப முடியாதவரான நூருத்தீன் ஃபாரா, அமெரிக்கர்கள் வந்துபோன பிறகான மொகதிஷுவை வைத்து 'லிங்க்ஸ்' என்ற நாவலை எழுதினார். நீண்டகாலம் வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவன் சிதைந்த தன் நகரத்துக்குத் திரும்புகிற கதை. நண்பர்கள் எழுதிய கட்டுரைகளில் ரிட்லி ஸ்காட்டின் பெயர் எத்தனையோ முறை வருகிறது. ஃபாராவின் பெயர் ஒரு முறையும் இல்லை.

இனி, 'போருக்கு எதிரான படம்' என்ற சான்றிதழ். அந்த இரவிலிருந்து வாஷிங்டன் கற்ற பாடம் என்ன என்று பார்த்தால் இது விளங்கும். தெருவில் இழுக்கப்பட்ட அமெரிக்க வீரனின் உடலை பால் வாட்சன் எடுத்த படம் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அக்டோபர் 7 அன்றே, 1994 மார்ச் 31க்குள் படைகள் திரும்பும் என்று கிளிண்டன் அறிவித்துவிட்டார். டாங்கிகளும் கவச வாகனங்களும் கேட்டுப் படையினர் வைத்த கோரிக்கையை முன்னர் மறுத்திருந்த பாதுகாப்புச் செயலர் லெஸ் ஆஸ்பின் பதவி விலக நேர்ந்தது. விவாதம் முழுவதும் 18 பேர் ஏன் செத்தார்கள் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. முந்நூறோ ஆயிரமோ பேர் ஏன் கொல்லப்பட்டார்கள் என்பது விவாதப் பொருளாகவில்லை. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது மொகதிஷுவின் நினைவு வாஷிங்டனின் கையைக் கட்டிப்போட்டது. கொல்லாமலிருக்க வேண்டும் என்பதை அவர்கள் கற்கவில்லை, நம்மவன் சாகக் கூடாது என்பதைக் கற்றார்கள். 2007 முதல் சோமாலியாவின் மீது அமெரிக்கா நடத்திவந்திருக்கிற வான்தாக்குதல்கள் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. ஆகாயத்திலிருந்து அடிக்கும்போது விழுவதற்கு நம்மவன் அங்கே இல்லை. தன் பக்கத்துச் சாவுக்காக மட்டும் அழுகிற படத்தைப் போர் எதிர்ப்புப் படம் என்றால், ஆளில்லா விமானத்தையும் போர் எதிர்ப்புக் கருவி என்று சொல்லிவிடலாம்.

கூட நின்றவர்களையாவது படம் நினைவில் வைத்திருந்ததா? மீட்புக்கு வந்த பாகிஸ்தானியர்களின் பங்கு புறக்கணிக்கப்பட்டதாக பர்வேஸ் முஷாரஃப் 2006இல் வந்த தம் தன்வரலாற்றில் குறைப்பட்டார். முஷாரஃபோடு நாங்கள் உடன்படும் இடங்கள் அரிது. இது அவற்றில் ஒன்று. மலேசியர்கள் முப்பது ஆண்டு காத்திருந்து, 2023இல் தாங்களே 'மல்பாட்: மிஸி பக்காரா' என்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். சோமாலியர்களுக்கு அப்படியொரு படமெடுக்கத் திரைத்துறையும் பணமும் எங்கே இருந்தன? 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மூன்று பகுதி ஆவணப்படத்தில் முதன்முறையாகப் பெருந்திரளான பார்வையாளர்களின் முன்னால் மொகதிஷுவின் ஆண்களும் பெண்களும் தம் வீட்டில் அன்று நடந்ததைச் சொன்னார்கள். அதைத் தயாரித்தது ரிட்லி ஸ்காட்டின் நிறுவனமே என்பதையும் பதிவுசெய்கிறோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்தாலும் வரவேற்கத் தகுந்ததுதான். சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே ஒளியில் அமர்ந்து பேசுகிறார்கள். அந்த ஆவணப்படத்தைப் பார்த்தபின்பும் பழைய படத்தை முன்போலவே புகழ முடிகிறவர்களிடம் எங்களுக்குக் கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் விழுந்த ஹெலிகாப்டரின் எஞ்சிய பாகங்கள் இருபது ஆண்டுகள் மொகதிஷுவின் அந்தச் சந்தில் கிடந்தன. 2013இல் அவற்றை எடுத்துப்போய் வட கரோலினாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இயந்திரத்தின் துண்டுகள்கூடத் தேடி எடுக்கப்பட்டு, அடையாளம் காணப்பட்டு, வீடு வந்து சேர்ந்துவிட்டன.

எங்களுக்கு மறுப்பு எழுத நினைக்கும் நண்பர்கள் தாராளமாக எழுதட்டும். அந்தக் கட்டுரையில் ஜூலை 12 பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் கோரிக்கை.